அடிக்கு ஒரு நூல்

அந்தப் பேட்டையில் கதவக்கா வீடு எங்கே என்று கேட்டால் பச்சைக் குழந்தைகூட வழி காட்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, வெளியே எடுப்பதில்லை. முப்பது வருடமாகத் தெருத்தெருவாகக் கதவு மாட்டுகிறவளுக்கு வேறு பெயர் எதற்கு?

பேட்டையை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க முடியாது. நூற்று இருபது வருடத்துக்கு முன்னால் அங்கே ஓர் இரும்பு வார்ப்பாலை வந்தது. அது வந்த பிறகுதான் மற்ற எல்லாம் வந்தன. சாக்கடை மூடி, தெருவிளக்குக் கம்பம், மாடிப்படி, குழந்தைகள் சறுக்கி விளையாடும் கைப்பிடி, வீட்டு எண் பொறித்த தகடு என்று எதைத் தட்டினாலும் இரும்புச் சத்தம் கேட்கும். உலையில் உருக்கிய பிறகு மிஞ்சும் கசடைக்கூட ஆலைக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. அதைப் பெட்டியில் ஊற்றிக் கல்லாக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழை பெய்தால் அந்தச் சுவர்கள் கருநீலமாக மின்னும். வெறுங்காலோடு முற்றத்தில் நடந்தால் பாதம் கறுத்துவிடும். வார்ப்புக்குப் பயன்பட்ட மணல் அது, மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடக்கிறது. ஆலை இருபது வருடம் முன்பு ஊருக்கு வெளியே, இன்னும் பெரிய இடத்துக்குப் போய்விட்டது. அறுநூறு பேர் வேலை செய்கிறார்கள். பேட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பேட்டைக்குள்ளே நீளத் தெரு. நாற்பத்திரண்டு வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி, ஒரே கோடாக நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒவ்வொரு நிறம் அடித்திருப்பார்கள். ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் கோடு இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவரின் நடுவில் விழும். முதல் வீட்டில் தையல்காரர். கடைசி வீட்டில், நாற்பத்திரண்டாம் நம்பரில், நம் கதவக்கா. பிறந்ததும் அங்கேதான், கல்யாணமானதும் அங்கேதான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். யார் வீட்டு வாசலில் கூட்டம் நின்றாலும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை.

அக்கா கதவு வேலைக்கு வந்த கதை இப்படி. கல்யாணமான புதிதில் பின்கதவு கழன்று விழுந்தது. கடையிலிருந்து ஏழடிக்கு மூன்றடி கதவு ஒன்று வாங்கி வந்தார்கள். தச்சர் வந்தார், மாட்டினார், தள்ளி நின்று பார்த்தார். சுற்றிலும் இடைவெளி. எலி நுழையும், காற்று நுழையும், பக்கத்து வீட்டுப் பேச்சு முழுசாக நுழையும். "உங்க நிலை தப்பு" என்று சொல்லிவிட்டுக் கம்பி நீட்டினவர் திரும்பவே இல்லை. அடுத்து வந்தவரும் அதே கதை. மூன்றாவது ஆளைத் தேடிப் போக அக்காவுக்குப் பொறுமை இல்லை. தானே ரம்பத்தை எடுத்தாள். கதவின் ஓரத்தில் ஒரு ரீப்பர் கட்டையைச் சேர்த்து ஒட்டி, இழைத்து, மாட்டினாள். கதவு 'டக்' என்று பொருந்தியது. அந்தச் சத்தத்தில் அவள் வாழ்க்கையே ஒரு பக்கம் திரும்பிவிட்டது என்றால் மிகையில்லை.

பக்கத்து வீட்டிலும் அதே இடைவெளி, அதற்கடுத்த வீட்டிலும் அதேதான். நாளடைவில் அவளுக்கு ஒரு கணக்கு கைவந்தது. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு. தச்சர்கள் அதை ஒரு நூல் என்பார்கள். நீளத் தெருக் கதவு என்றால் கடை அளவோடு அடிக்கு ஒரு நூல் சேர்க்க வேண்டும். ஏழடி உயரத்துக்கு ஏழு நூல், மூன்றடி அகலத்துக்கு மூன்று நூல். டேப்பே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

ஏன் அப்படி என்று மட்டும் அவள் கேட்டதில்லை. பழைய வீடு, ஈரம், கட்டினவர் கை அப்படி என்று ஏதோ ஒரு சமாதானம். வீட்டுக்காரர்களுக்கோ தங்கள் வீடு மட்டும்தான் கோணல் என்ற எண்ணம். தரைக்கு ஓடு பதித்தால் கடைசியில் இரண்டு விரல் இடம் மிஞ்சும். உடைந்த ஓட்டை வைத்து அடைத்து, அதன்மேல் அலமாரியை நகர்த்தி வைத்துவிடுவார்கள். வீட்டுக் குறையை யாராவது வெளியே சொல்வார்களா?

இப்படியே போயிருக்கும், நகரசபை வடிகால் வெட்ட முடிவு செய்திராவிட்டால்.

சர்வேயர் வந்தார். நேர்மையான மனிதர், சிரிக்கத் தெரியாதவர். மூன்றுகால் கருவியை முதல் வீட்டு முனையில், பழைய இரும்பு எல்லைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அரைமணி நேரத்தில் கடைசி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, இந்த வீடு உங்களுதா?"

"ஆமா சார்."

"பழைய பிளான்ல ஒரு வீட்டுக்குப் பதினாறு அடி. நாப்பத்திரெண்டு வீட்டுக்கு அறுநூத்து எழுபத்திரெண்டு அடி. உங்க வெளிச்சுவரு அதத் தாண்டி ஏழடி வெளிய நிக்குது."

"தாண்டியா? இந்தச் சுவரு நான் பொறக்கறதுக்கு முந்தியே இங்கதான் சார் நிக்குது."

"இருக்கலாம்மா. இது ஆக்கிரமிப்பு. முப்பது நாள் டைம். அதுக்குள்ள நீங்களே இடிச்சுட்டா நல்லது."

ஏழடி என்றால் அக்காவின் பட்டறை முழுசும். அவள் மரம் அறுக்கும் மேசை, கருவிகள், மேலே மாடிக்குப் போகும் படி, எல்லாம் அந்த ஏழடிக்குள். பதினாறடி வீட்டில் ஏழடி போனால் மிச்சம் இருப்பதற்கு வீடு என்று பெயர் சொல்ல முடியாது.

அதைக்கூடத் தாங்கியிருப்பாள். தெருவில் கிளம்பிய பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. கிளப்பியவர் முதல் வீட்டுத் தையல்காரர். அவருக்கு ஊசிக்கு வேலை இல்லாத நேரத்தில் வாய்க்கு வேலை. "கடைசி வீடுதானே, யாரு கேக்கப் போறான்னு நீட்டிக்கிட்டாங்க. அவங்கப்பா உலையில வேல பாத்தவரு. கசடுக் கல்லா கெடைக்காது அவருக்கு? ராவோட ராவா சுவத்தத் தள்ளிக் கட்டிட்டாரு" என்று துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் அளந்துவிட்டார். அக்காவின் அப்பா இறந்து பன்னிரண்டு வருடம். உலைமுன் நின்று நின்று ஒரு கண் மங்கிப்போனவர். அடுத்தவர் கரண்டியைக்கூட எடுக்க மாட்டார். அவர் பெயர் இப்போது கடைகளில் அடிபட்டது.

"போகட்டும் விடு. சொல்றவங்க சொல்லிட்டுப் போறாங்க" என்றார் கண்டக்டர்.

"உங்கப்பாவா இருந்தா விடுவீங்களா?"

அக்காவுக்கு அன்று இரண்டு கதவு மாட்ட வேண்டியிருந்தது, இரண்டையும் தப்பாக இழைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி பெண்டாட்டி வந்தாள். புது வார்ப்பாலையில் வேலை. இரும்பு ஊற்றுவதற்கு முன்னால் அதே உருவத்தில் ஓர் அச்சு செய்வார்கள் அல்லவா, அந்த அச்சைக் கம்ப்யூட்டரில் வரைகிறவள். ஆறுதல் சொல்ல வந்தவள் பட்டறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்க அக்கா பென்சிலால் எழுதிய கணக்கு. எந்த வீடு, எந்தக் கதவு, எவ்வளவு சேர்த்தது. முப்பது வருடத்து எழுத்து.

"அண்ணி, இது என்ன? எல்லாத்துலயும் அடிக்கு ஒரு நூலு?"

"இந்தத் தெருவே அப்படித்தான். கடைக் கதவு எதுவும் பத்தாது."

"எல்லா வீட்டுலயுமா?"

"நாப்பத்திரெண்டுலயும். ஏன், உனக்கு என்ன?"

தம்பி பெண்டாட்டி எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனாள். விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணி, இந்தக் கணக்க நான் தெனமும் போடுறேன். இரும்பு ஆறும்போது சுருங்கும். அடிக்கு ஒரு நூலு சுருங்கும். அதனால அச்ச அந்த அளவு பெருசா செய்யணும். இப்ப கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் போட்டா முடிஞ்சுது. அந்தக் காலத்துல அச்சு செய்ற தச்சருங்க கையில தனிக் கோலு இருக்கும். பாக்கறதுக்குச் சாதாரணக் கோலு மாதிரிதான். ஆனா அதுல ஒரு அடின்னா, ஒரு அடியும் ஒரு நூலும்."

அக்கா கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"எங்க ஆலை வாசல்ல கண்ணாடிப் பெட்டியில ஒண்ணு இருக்கு, பித்தளை முனை போட்டது. பக்கத்துல எழுதி வெச்சிருக்காங்க. அச்சுப் பட்டறைக்குள்ள வேற கோலு கொண்டு வரவே கூடாதாம். கலந்து போச்சுன்னா டன் கணக்கா இரும்பு வீண். கொண்டு வந்தவனுக்கு ஒரு வார வேலை கட்."

"அப்ப அவங்க கையில வேற கோலே இருக்காது."

"இருக்காது."

"இரு, இரு. ஆலையில வார்த்த ஜன்னல் மட்டும் எல்லா வீட்டுலயும் சந்துல ஆடும். நான்தான் ஆப்பு வெச்சு அடிப்பேன்."

"ஜன்னல் இரும்பு அண்ணி. அது சுருங்கிருச்சு. சுவரு எப்படிச் சுருங்கும்?"

அக்கா பெட்டியைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்தாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பத்திரம்தான், ஆலை எழுதிக் கொடுத்தது. அதில் 'பதினாறு அடி' என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் படித்ததில்லை. சர்வேயர் பார்த்தது பிளானை மட்டும்தான். அதே வரியில் இருந்தது: 'அச்சுப் பட்டறைத் தச்சர்களால், ஆலைக் கோல் கொண்டு அளந்து விடப்பட்ட பதினாறு அடி.'

பென்சிலை எடுத்துச் சுவரில் எழுதினாள். பதினாறு அடிக்குப் பதினாறு நூல், அதாவது இரண்டு அங்குலம். நாற்பத்திரண்டு வீட்டுக்கு எண்பத்து நான்கு அங்குலம். பன்னிரண்டால் வகுத்தாள்.

ஏழு அடி.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்பா சுவரை நகர்த்தவில்லை, தாத்தாவும் நகர்த்தவில்லை. யாரும் எதையும் திருடவில்லை. இரும்பைத் தவிர வேறு எதையும் அளந்து பழகாத சில மனிதர்கள், கையில் இருந்த ஒரே கோலோடு பட்டறையை விட்டு வெளியே வந்து, ஒரு தெருவையே இரும்பு என்று நினைத்து அளந்திருக்கிறார்கள்! ஆறினால் சுருங்கும் என்று கூடுதலாக விட்ட இடத்தில் நாற்பத்திரண்டு குடும்பம் நூற்று இருபது வருடமாக நடமாடிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் பொருந்தாத அன்றே அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். சுவர் எழும்பிவிட்டது, இனி என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டு சாந்து பூசியிருப்பார்கள். அந்தப் பொல்லாத பயல்களை நினைத்து அக்கா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, நிலைமை புரியாமல் அப்படியே பின்வாங்கிவிட்டார்.

மறுநாள் தம்பி பெண்டாட்டி மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கண்ணாடிப் பெட்டிக் கோலை ஒரு வாரத்துக்கு வாங்கி வந்தாள். இரண்டடிக் கோல். துண்டில் சுற்றி, பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல், நெஞ்சோடு அணைத்தபடி நின்றே வந்தாளாம். அதை வைத்து அக்கா ஒரு கழி செய்தாள். நன்றாகக் காய்ந்த நேர்மரம், பதினாறு ஆலையடி நீளம். மூன்று நாள் இழைத்தாள். முப்பது வருடத்தில் எந்தக் கதவுக்கும் அவ்வளவு பயந்து இழைத்ததில்லை. ஒரு மயிரிழை தப்பினால் நாற்பத்திரண்டு மடங்காகப் பெருகி அப்பாவின் தலையில் விழும்.

அக்கா நீட்டிய பத்திரத்தைச் சர்வேயர் படித்தார். ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை. "வேற கோலுன்னா எழுதியிருக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு, "எழுதின கோலாலதான் அளக்கணும். அதுதான் சட்டம். ஆனா கழி பொய் சொல்லக்கூடாதும்மா" என்றார். தன் கருவியால் கழியைச் சோதித்தார். பதினாறு அடி, இரண்டு அங்குலம்.

காலை பத்து மணிக்கு அளவு தொடங்கியது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கண்டக்டர் முன்னால் நடந்தார். கழியின் ஒரு முனையை இரும்புக் கம்பத்தில் முட்டுக் கொடுத்துத் தரையில் கிடத்தினார்கள். மறுமுனை தையல்காரர் வீட்டு மஞ்சள் முடிந்து அடுத்த வீட்டுப் பச்சை தொடங்கும் கோட்டில் வந்து நின்றது.

"ஒரு தடவ பொருந்தும். யாருக்கும் பொருந்தும்" என்றார் தையல்காரர்.

கழியை நகர்த்திப் போட்டார்கள். பச்சை முடிந்து நீலம் தொடங்கும் கோடு. மீண்டும் போட்டார்கள். நீலம் முடிந்து வெள்ளை. ஐந்தாவது வீட்டுக்குப் போகும்போது பேச்சுச் சத்தம் குறைந்தது. ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கழியின் முனை அதன்மேல் வந்து படுவதைக் குனிந்து பார்த்தார்கள். இருபது, முப்பது, முப்பத்தைந்து. கழி ஒருமுறைகூடத் தவறவில்லை. பஞ்சம் வந்தது, வெள்ளம் வந்தது, கூரை மாறியது, ஆலையே போய்விட்டது. சுவர்கள் மட்டும் அந்தத் தச்சர்கள் கோல் வைத்துக் கிழித்த கோட்டைவிட்டு இம்மி நகரவில்லை. தப்பான கோலால் இவ்வளவு சரியாக அளக்க மனிதனால் முடியுமா? சர்வேயர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெயிலுக்காக இல்லை.

நாற்பத்தொன்று முடிந்தது. கடைசிக் கழியை அக்காவே போட்டாள். முட்டி போட்டு உட்கார்ந்து, முந்தைய குறியில் முனையை வைத்து, மெல்லத் தரையில் படியவிட்டாள். பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

சர்வேயர் குனிந்தார். கழி முனைக்கும் வெளிச்சுவரின் ஓரத்துக்கும் நடுவே நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் போகவில்லை.

"என்ன சார்?"

அவர் நிமிர்ந்தார். "நூத்து இருபது வருஷம்மா" என்றார். "என் மெஷினால இப்படி அளக்க முடியுமான்னு தெரியல."

பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். அக்கா எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டாள்.

"எழுதறத சத்தமா வாசிங்க சார். தெருவுக்குக் கேக்கணும்."

அவர் வாசித்தார். "நாற்பத்திரண்டாம் வீடு. பத்திரத்தில் கண்ட ஆலைக் கோலின்படி சரியாக உள்ளது. ஆக்கிரமிப்பு இல்லை. நோட்டீஸ் ரத்து. வடிகால் சுவருக்கு வெளியே வளைந்து செல்லும்."

கூட்டம் கலையவில்லை. தையல்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"புதுத் துணி தண்ணியில போட்டா சுருங்கும்னு நான் எப்பவும் விரலளவு கூட விட்டுத்தான் வெட்டுவேன். நாப்பது வருஷமா அதான் என் பொழப்பு. நான் துணிக்கு விட்டத அவங்க இரும்புக்கு விட்டுருக்காங்க. எனக்கில்ல மொதல்ல புரிஞ்சிருக்கணும்? உங்கப்பாவ நான் தப்பாப் பேசிட்டேம்மா. மன்னிச்சுரு."

அக்கா அவரைப் பார்த்தாள். கோபம் தீர்ந்தபாடில்லை.

"எங்கிட்ட சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? அன்னிக்கு எங்கிட்டயா சொன்னீங்க? யாருகிட்டச் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

தையல்காரர் திரும்பி நடந்தார். ரோஷப்பட்டுப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சாயங்காலம் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டாம் நம்பர் வீட்டுக் கதவைத் தட்டினார். "கடைசி வீட்டு உலைக்காரரு சுவத்த நகத்தல. நான் சொன்னது பொய்" என்றார். பிறகு மூன்றாம் நம்பர், நான்காம் நம்பர். யாராவது, "அதான் காலையில நாங்களே பாத்தோமே, உக்காருங்க" என்றாலும் உட்காரவில்லை. முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். அக்கா தன் வாசலில் நின்று, அவர் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாற்பத்திரண்டாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கண்டக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.